திருத்தும் கருவியா, காட்டும் கருவியா?

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூரில் பாட்டுக் கேட்காத தெரு இல்லை எனலாம். ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், பாரதிய வித்யா பவன் என்று கச்சேரி நடக்கும் அரங்குகள் நடந்து செல்லும் தொலைவிலேயே அமைந்துள்ளன. முன்னாளில் ஒரு கச்சேரியைப் பதிவு செய்வது பெரிய ஏற்பாடு. கனமான ஒலிநாடாப் பெட்டியும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் வேண்டியிருந்தது. இன்றோ ஒலிவாங்கி இரண்டு, மடிக்கணிப்பொறி ஒன்று, அதில் ஒரு மென்பொருள் இருந்தால் போதும். பாட்டு வகுப்புக்குச் செல்லும் மாணவி தன் கைப்பேசியிலேயே பாடத்தைப் பதிவு செய்துகொண்டு, வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டுச் சாதகம் செய்கிறாள்.

பதிவு இவ்வாறு எளிதாகிவிட்ட நாளில் ஒரு கேள்வி எழுகிறது. மென்பொருள் செய்வோர் ஆண்டுதோறும் புதிய வசதிகளைச் சேர்த்து வருகின்றனர். அத்தனையையும் ஒரே நேரத்தில் செய்வது யாராலும் இயலாது. எதை முதலில் செய்ய வேண்டும்? சுருதி பிசகினால் தானே திருத்திக்கொள்ளும் வசதியையா? பக்கவாத்தியங்களைக் குரலிலிருந்து பிரித்தெடுக்கும் வசதியையா? இரைச்சலை நீக்கும் வசதியையா? மெட்டமைத்தே கொடுத்துவிடும் செயற்கை நுண்ணறிவையா?

இந்த விவாதத்தில் இக்கட்டுரை ஒரு கட்சியை எடுத்துக்கொள்கிறது. பாடியதை மாற்றும் வசதிகளுக்கு முன்பாக, பாடியதை உள்ளபடி அளந்து காட்டும் வசதிகள் வர வேண்டும் என்பதே அக்கட்சி. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஒலி எண்ணாவது எப்படி?

முதலில் மென்பொருள் ஒலியை எப்படி அறிகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒலி என்பது காற்றின் அழுத்தத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கம். ஒலிவாங்கி அதை மின்னழுத்தமாக மாற்றுகிறது. அந்த மின்னழுத்தத்தைக் கணிப்பொறி மிகக் குறுகிய இடைவெளிகளில் அளந்து எண்களாக எழுதி வைக்கிறது. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் ஒரு நொடிக்கு 44,100 அளவுகள் எடுக்கப்படுகின்றன. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஏதேனும் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. இன்றும் பல மென்பொருள்களில் இந்த அளவே அடிப்படை.

இந்த எண்வரிசையிலிருந்து சுரத்தைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? கரை முழுவதும் ஒரே அன்னம் திரும்பத் திரும்ப நெய்யப்பட்ட புடவைகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றன் மேல் ஒன்றை வைத்து மெல்ல நகர்த்துங்கள். எவ்வளவு நகர்த்தியதும் அன்னத்தின் மேல் அன்னம் மீண்டும் பொருந்துகிறதோ, அதுவே ஓர் அன்னத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி. கணிப்பொறியும் ஒலியலையை அதன் நகலோடு இவ்வாறே ஒப்பிடுகிறது. ஒருவர் 140 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் சட்ஜம் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். 44,100-ஐ 140-ஆல் வகுத்தால் 315 வரும். அதாவது நகலை 315 எண்கள் தள்ளி வைத்தால் அலை தன்னோடு தானே பொருந்தும். உடனே கணிப்பொறி 140 என்று கண்டுகொள்கிறது.

இக்கணக்குமுறைக்குத் தன் ஒற்றுமை காணல் என்று பெயர் சூட்டலாம். நிலத்தடியில் எண்ணெய் இருக்குமிடத்தைக் கண்டறிய, செயற்கையாக அதிர்ச்சி உண்டாக்கி, திரும்பி வரும் அலைகளை ஆராய்வதில் இது பயன்பட்டது. அத்துறையில் பணியாற்றிய ஆண்டி ஹில்டிபிராண்ட் என்ற அமெரிக்கர் அதே கணக்கைக் குரலுக்குப் பயன்படுத்தினார். 1997-இல் ஆட்டோ-டியூன் என்ற மென்பொருள் பிறந்தது. அடுத்த ஆண்டே ஷேர் என்ற பாடகியின் புகழ்பெற்ற பாட்டு ஒன்றில் அதன் ஒலி உலகெங்கும் கேட்டது. அன்று முதல் சுருதி திருத்தம் மெல்லிசைப் பதிவுகளின் வழக்கமான ஒரு படியாகிவிட்டது.

எந்தச் சட்ஜம்?

பாடகர் எந்த அதிர்வெண்ணில் பாடுகிறார் என்பதை அளப்பது அறிவியல். அது எந்தச் சுரமாக இருந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அறிவியலா? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

மேற்கத்திய இசையில் ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்று உலகத் தர அளவு உண்டு. அதைக் கொண்டு ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பிரித்துவிடுகின்றனர். பியானோவின் ஒவ்வொரு கட்டைக்கும் நிலையான அதிர்வெண் உண்டு. இசை மென்பொருள்களில் பெரும்பாலானவை இந்தப் பன்னிரண்டு கோடுகளை வரைந்துகொண்டே கண் விழிக்கின்றன.

நம் இசையிலோ சட்ஜம் எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் விதிப்பதில்லை. பாடுபவரின் குரலே அதைத் தீர்மானிக்கிறது. ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுகின்றனர். பெண்கள் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று வைத்துக்கொள்கின்றனர். தம்புரா அந்தச் சட்ஜத்துக்குச் சேர்க்கப்படுகிறது. பிடிலும் மிருதங்கமும் அதற்கே சேர்கின்றன. தம்புரா ஒன்றரைக் கட்டைக்குச் சற்று மேலே நின்றாலும் குற்றமில்லை. எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால் போதும்.

மேலே சொன்ன பாடகரையே எடுத்துக்கொள்வோம். அவர் சட்ஜம் 140 ஹெர்ட்ஸ். பியானோவின் ஒன்றரைக் கட்டைக்கு உரிய அளவு 138.6 ஹெர்ட்ஸ். திருத்தும் மென்பொருள் அவர் குரலை 138.6-க்கு இறக்கிவிடுகிறது. தம்புராவோ 140-இலேயே நிற்கிறது. அருகருகே உள்ள இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்து ஒலித்தால் விம்மல்கள் தோன்றும் என்பதை நீங்கள் இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். விம்மல்களின் எண்ணிக்கை இரு அதிர்வெண்களின் வேறுபாட்டுக்குச் சமம். எனவே நொடிக்கு 1.4 விம்மல்கள் கேட்கும். சுத்தமாகச் சேர்ந்திருந்த சுருதியை, திருத்துகிறேன் என்று வந்த கருவி கலைத்துவிட்டது!

மேலும் ஒரு கணக்கு. 1885-இல் அலெக்சாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் ஸ்தாயியை 1,200 நுண்பங்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சென்ட் என்று பெயரிட்டார். பியானோவின் அரைச்சுரம் ஒவ்வொன்றும் 100 சென்ட். தம்புராவோடு முழுமையாக இழையும் அந்தர காந்தாரம் சட்ஜத்துக்கு 5-க்கு 4 என்ற விகிதத்தில் உள்ளது; அது 386 சென்ட். பியானோவின் காந்தாரமோ 400 சென்ட். இந்த 14 சென்ட் வேறுபாட்டைப் பழகிய செவி எளிதில் உணரும்.

இந்த அமைப்புகளைக் கையால் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதே என்று சிலர் கூறலாம். உண்மைதான். ஒப்பீட்டு அதிர்வெண்ணை மாற்றும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. மெலடைன் என்ற மென்பொருளின் உயர் பதிப்பில் சுர அமைப்பையே மாற்றலாம். 2024-இல் வந்த ஏபிள்டன் லைவ் 12-ஆம் பதிப்பு பன்னிரண்டு சமப் பகுப்புக்குப் புறம்பான சுர அமைப்புகளுக்கும் இடம் கொடுத்தது. இவை பாராட்டத்தக்க முன்னேற்றங்கள். ஆனால், பதிவைத் தொடங்கும்போதே "உங்கள் சட்ஜம் எது?" என்று கேட்டு, தம்புராவைச் சில நொடிகள் செவிமடுத்து, அதிலிருந்து அளவுகோலை அமைத்துக்கொள்ளும் பழக்கம் இவற்றுக்கு இயல்பாக வரவில்லை. அதுவே முதலில் வேண்டுவது.

தோடியின் காந்தாரம் எங்கே இருக்கிறது?

சட்ஜத்தைச் சரியாக அமைத்துவிட்டோம் என்றே கொள்வோம். அதோடு சிக்கல் தீர்ந்துவிடுமா?

தோடி ராகத்தின் காந்தாரத்தைச் சாதாரண காந்தாரம் என்று இலக்கணம் கூறும். அது பியானோவில் 300 சென்ட். ஆனால் தோடி பாடும் எவரும் அந்த இடத்தில் நின்று காந்தாரத்தை நீட்டுவதில்லை. குரல் ரிஷபத்தின் பக்கமிருந்து எழுந்து மத்தியமத்தின் பக்கம் வரை சென்று அசைந்தாடுகிறது. அந்த அசைவு முழுவதையும் சேர்த்தே நம் காது காந்தாரம் என்று ஏற்கிறது. அதாவது இங்கே சுரம் என்பது ஒரு புள்ளியாக இல்லாமல் ஒரு பாதையாக இருக்கிறது. பாதையின் உருவம் மாறினால் ராகமே மாறிவிடும்.

இந்தப் பாதை திருத்தும் கருவியின் கையில் அகப்பட்டால் என்ன ஆகும்? விரைவாகத் திருத்தும்படி அமைத்திருந்தால், வளைந்து செல்லும் குரல் மாடிப்படி போல வெட்டப்பட்டு ரிஷபம், காந்தாரம், மத்தியமம் என்று தனித்தனியே குதிக்கும். மெதுவாகத் திருத்தும்படி அமைத்திருந்தால், அசைவின் அகலம் குறைந்து தோடி சோகை பிடித்ததுபோல் ஒலிக்கும். இரண்டாவது வகையே அதிக ஆபத்தானது. முதலாவதைக் கேட்டவுடன் யாரும் கண்டுபிடித்துவிடுவர். இரண்டாவதைப் பழகாத காது கண்டுபிடிக்காது. அந்தப் பதிவைக் கேட்டுப் பாடம் பண்ணும் மாணவி, சோகைத் தோடியையே தோடி என்று கற்றுக்கொள்வாள்.

பிடில் எந்த வகுப்பில் சேரும்?

குரலையும் வாத்தியங்களையும் பிரித்தெடுக்கும் வசதி இன்று பெரிதும் பேசப்படுகிறது. 2019-இல் டீசர் என்ற பிரெஞ்சு நிறுவனம் ஸ்பிளீட்டர் என்ற இலவச மென்பொருளை வெளியிட்டது. அது ஒரு பாட்டைக் குரல், முரசு, தாழ்சுரக் கிதார், பிற என நான்கு கூறுகளாகப் பிரிக்கவல்லது. ஏராளமான மேற்கத்திய மெல்லிசைப் பாட்டுகளைக் காட்டிப் பயிற்றுவிக்கப்பட்டது அது.

நம் கச்சேரியில் பிடில், குரலைக் காலடி தவறாமல் பின்தொடர்கிறது. அதே சுரம், அதே கமகம், ஒரு கண நேரத் தாமதம். இரண்டையும் பிரிப்பது அந்த மென்பொருள் பயின்ற பாடத்தில் இல்லை. மிருதங்கத்தின் நிலையும் அப்படியே. முரசு வகைகளின் ஒலியில் மேற்சுரங்கள் பொதுவாக ஒழுங்கின்றி இருக்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் பூசிய கரணை, மேற்சுரங்களை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவந்து நரம்புக் கருவியைப் போலப் பேச வைக்கிறது. இவ்வுண்மையை சர் சி. வி. இராமன் சிவகாளி குமாரோடு சேர்ந்து 1920-இலேயே நேச்சர் இதழில் வெளியிட்டார். சட்ஜத்தில் சேர்ந்து ஒலிக்கும் தோற்கருவியை வெறும் முரசு என்று கணக்கிட்டால் பிரிப்பு எப்படிச் சரியாகும்?

இதைத் தீர்க்க வழி உண்டு. நம் கச்சேரிகளைக் கொண்டே கணிப்பொறியைப் பயிற்றுவிக்க வேண்டும். ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரிலுள்ள பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011 முதல் 2017 வரை நடந்த காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம் அவ்வேலையைத் தொடங்கியது. அடையாற்றின் தென்கரையில் உள்ள நம் சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கேற்றது. ஆனால் பயிற்றுவிக்கக் கச்சேரிப் பதிவுகள் மட்டும் போதா. அவற்றில் சட்ஜம் எது, தாளம் எது, எங்கே எடுப்பு என்ற குறிப்புகளும் வேண்டும். ஆகவே பிரிக்கும் வசதி நன்றாக அமைய வேண்டுமானால் காட்டும் வசதி அதற்கு முன்னே வந்தாக வேண்டும்.

தம்புராவும் மின்விசிறியும்

இரைச்சல் நீக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் பாட்டு வகுப்புகள் பல கணிப்பொறித் திரைக்கு மாறின. அவ்வாண்டு மார்கழிக் கச்சேரிகளும் பெரும்பாலும் இணையத்திலேயே நடந்தன. அப்போது ஆசிரியர்கள் பலர் ஒரு விந்தையைக் கண்டனர். இங்கே தம்புரா ஒலிக்கிறது. அங்கே மாணவருக்குக் கேட்கவில்லை!

காரணம் எளியது. அந்த மென்பொருள்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. பேச்சு விட்டு விட்டு வரும். மின்விசிறியின் ஓசை மாறாமல் வரும். எனவே மாறாமல் வருவதெல்லாம் இரைச்சல் என்று அவற்றுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தனர். மாறாமல் ஒலிப்பதே தம்புராவின் தருமம். மென்பொருள் அதையும் மின்விசிறியின் கணக்கில் சேர்த்து அழித்துவிட்டது. அவ்வாண்டிலேயே சூம் நிறுவனம் இசைக்கெனத் தனி அமைப்பு ஒன்றைச் சேர்த்தது. எதைக் காப்பது என்று தெரியாத கருவியிடம் எதையாவது நீக்கும் அதிகாரத்தைக் கொடுத்தால் விளைவு இதுதான்.

கோட்டுக்குள் அடங்காத தாளம்

சுருதிக்குப் பன்னிரண்டு கோடுகள் இருப்பதுபோல் காலத்துக்கும் மென்பொருள் கட்டம் போட்டு வைத்திருக்கிறது. நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு பாடகர் காதில் ஒலிக்கும் தட்டுக்கு ஏற்பப் பாட வேண்டும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை இந்தக் கட்டத்தில் அடைக்கலாம். மிச்ரசாபுவின் ஏழையும் அடைக்கலாம். ஆனால் பாட்டு சமத்தில் எடுக்கிறதா, அரை இடம் தள்ளி எடுக்கிறதா என்பதைக் குறிக்கக் கட்டத்தில் இடமில்லை. மேடையில் காலப்பிரமாணம் இயந்திரம் போல் நிற்பதுமில்லை. ஆலாபனைக்கும் விருத்தத்துக்கும் தாளக்கட்டே கிடையாது.

வேண்டுவது என்ன? பாட்டு கட்டத்தைப் பின்பற்றுவதற்குப் பதிலாகக் கட்டம் பாட்டைப் பின்பற்ற வேண்டும். பதிவைக் கேட்டுக்கொண்டே ஒருவர் சமம் வரும்போதெல்லாம் ஒரு விசையைத் தட்டுகிறார் என்க. மென்பொருள் அந்த இடங்களைக் கோடுகளாக வரைந்து, இடையிலுள்ள அட்சரங்களைப் பங்கிட்டுக்கொள்ளட்டும். தட்டுக்களிலிருந்து காலக் கட்டத்தை வரையும் வசதி சில மென்பொருள்களில் ஏற்கெனவே உண்டு. அதில் தாளத்தின் பெயரையும் எடுப்பையும் குறிக்க இடம் கொடுத்தால் நம் தேவை நிறைவேறும். மாணவர்க்கு இதனால் எவ்வளவு பயன் பாருங்கள்! ஒரு பல்லவியின் ஆவர்த்தனங்களை எண்ணி, எந்த அட்சரத்தில் எந்தச் சொல் விழுகிறது என்று திரையிலேயே காணலாம்.

முன்னோர் செய்த முடிவு

நாம் இன்று விவாதிக்கும் கேள்வியை நூறாண்டுகளுக்கு முன் அச்சு இயந்திரத்தின் முன் நின்று நம்மவர் விவாதித்திருக்கின்றனர். சின்னசாமி முதலியார் என்ற அறிஞர் 1890-களில் சென்னையிலிருந்து நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்து கோட்டு முறையில் அச்சிட்டார். உலகம் முழுவதும் நம் இசையைப் படிக்க வேண்டும் என்ற உயர்ந்த எண்ணம் அது. 1904-இல் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி வெளிவந்தது. அவர் நம் சுர எழுத்துகளையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கமக வகைக்கும் தனி அடையாளம் ஏற்படுத்திச் சுரங்களுக்கு மேல் இட்டார். அன்றைய அச்சுக்கூடத்துக்கு அது எத்தனை தொல்லையாக இருந்திருக்கும்! ஆனாலும் கருவிக்கு ஏற்ப இசையைக் குறைக்காமல், இசைக்கு ஏற்பக் கருவியை வளர்த்தார். அந்த அடையாளங்கள் இருப்பதால்தான் இன்றும் அந்நூலை வைத்துக்கொண்டு பழைய பாடாந்தரங்களை ஆராய முடிகிறது.

கணிப்பொறிக் காலத்திலும் இம்மரபு அறுபடவில்லை. எம். சுப்பிரமணியன் என்பவர் உருவாக்கிய காயகா என்ற மென்பொருள், எழுதிய சுரங்களைக் கமகத்தோடு ஒலிக்கச் செய்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தியின் ஆய்வுக் குழுவினர் பாடகரின் சட்ஜத்தைப் பதிவிலிருந்தே கண்டுபிடிக்கவும், மிருதங்கச் சொற்களை அடையாளம் காணவும் கணக்குமுறைகள் வகுத்துள்ளனர். பேச்சொலியை ஆராய ஆம்ஸ்டர்டாமில் உருவான பிராட், இலண்டனில் உருவான சோனிக் விஷுவலைசர் ஆகிய இலவச மென்பொருள்கள் சுரத்தின் பாதையை வளைகோடாக வரைந்து காட்டுகின்றன. ஆக, அறிவு இருக்கிறது. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் ஒரு பக்கமும், பதிவு மென்பொருள் மறுபக்கமுமாகப் பிரிந்து கிடக்கிறது.

எதிர்க்கட்சி கூறுவது

எதிர்க்கட்சியின் வாதங்களையும் நேர்மையாகக் கேட்க வேண்டும்.

"ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிறோம். ஒரு சுரம் பிசகியதற்காக முழுப் பாட்டையும் மறுபடி பாட வேண்டுமா?" இது நியாயமான கேள்வி. திரைப்பாட்டுக்கும் விளம்பரப் பாட்டுக்கும் திருத்தும் வசதி காலத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்துகிறது என்பதில் ஐயமில்லை. ஒலிநாடாவை வெட்டி ஒட்டிய காலத்திலிருந்தே இது நடந்து வருகிறது. ஆனால் அந்த வசதி ஏற்கெனவே நன்றாக வளர்ந்துவிட்டது. இனி அதை மேலும் மெருகேற்றுவதைக் காட்டிலும் இல்லாததைச் செய்வதே முறை.

"கர்நாடக இசைக்காரர்கள் எத்தனை பேர்? அவர்களுக்காக யார் மென்பொருள் செய்வார்கள்?" என்பது அடுத்த வாதம். வளைந்து செல்லும் சுரம் நமக்கு மட்டும் சொந்தமானதன்று. அராபிய மகாம், துருக்கிய மகாம், இந்துஸ்தானி என எத்தனையோ இசைகள் உள்ளன. நம் நாட்டிலேயே நாகசுரம், ஓதுவார் பாடும் பண், ஒப்பாரி, தெம்மாங்கு ஆகிய எதுவும் பியானோக் கட்டைக்குள் அடங்குவதில்லை. கணக்கெடுத்தால், பன்னிரண்டு கோட்டுக்கு வெளியே பாடுவோரின் கூட்டம் சிறிதாக இராது.

"வளைகோட்டைப் பார்த்தா பாட்டுக் கற்பது? காதால் அல்லவா கற்க வேண்டும்!" என்பார் சில பெரியோர். முற்றிலும் சரி. கோடு காதுக்கு ஈடாகாது. குருவின் பக்கத்தில் அமர்ந்து கேட்பதற்கும் ஈடாகாது. ஆனால் வகுப்பு முடிந்து வீடு திரும்பிய பின், "குரு பிடித்த அசைவும் நான் பிடித்த அசைவும் எங்கே வேறுபடுகின்றன?" என்ற ஐயம் எழுமல்லவா? அதற்குக் கோடு ஒரு சாட்சி சொல்லும். திருத்தும் கருவியோ ஐயம் எழும் வாய்ப்பையே அழித்துவிடும்.

சாட்சியைக் கலைக்கலாகாது

இங்கே பணயமாக இருப்பது இன்றைய பாட்டின் இனிமை மட்டுமன்று. பதிவு என்பது பின்வரும் தலைமுறைக்கு நாம் விட்டுச் செல்லும் சாட்சி. 1938-இல் மறைந்த வீணை தனம்மாளின் வாசிப்பை இன்று நாம் அறிவது அவர் விட்டுச் சென்ற சில இசைத்தட்டுகளால்தான். அத்தட்டுகளில் இரைச்சல் உண்டு. ஆனால் அவர் மீட்டியதை யாரும் திருத்தவில்லை. ஆகவே அவை சாட்சியாக நிற்கின்றன.

அக்காலப் பதிவுகளில் ஒரு குறையும் உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்று என்று வழங்கப்பட்டாலும் பதிவு செய்த வேகம் சற்று மாறுவது உண்டு. 78 சுற்றில் பதிந்த தட்டை 80 சுற்றில் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ 44 சென்ட் உயர்ந்துவிடும்; அது கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி. பதிவின்போது சட்ஜம் எது என்று எவரும் எழுதி வைக்காத தட்டுகளில், கலைஞர் உண்மையில் எந்தச் சுருதியில் பாடினார் என்பது விவாதப் பொருளாகவே நிற்கிறது. அன்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இன்று விவாதமே இல்லை. நாம் அதே தவற்றை விலையுயர்ந்த கருவிகளோடு செய்யலாமா?

வரிசை இதுவாகட்டும்

மேற்கூறியவற்றைத் தொகுத்தால், பதிவு மென்பொருளில் சேர வேண்டிய வசதிகளின் வரிசை பின்வருமாறு அமையும்.

முதலாவது, தம்புராவைக் கேட்டுச் சட்ஜத்தை அறிந்து, அதைப் பதிவோடு சேர்த்தே எழுதி வைத்தல். இரண்டாவது, அந்தச் சட்ஜத்தை அடிப்படையாகக் கொண்டு சுரத்தின் பாதையை வளைகோடாகக் காட்டுதல். மூன்றாவது, பாட்டைப் பின்பற்றும் தாளக் கோடுகளும், எடுப்பும் சாகித்தியமும் தமிழிலேயே குறிக்க இடமும். நான்காவது, மூலப் பதிவை எக்காரணம் கொண்டும் அழிக்காமல், பின்னர் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தனிப் பட்டியலாக வைத்தல். மாற்றம் செய்த பதிவைக் கேட்பவர்க்கு, எங்கே மாற்றப்பட்டது என்று தெரிய வேண்டும். இந்நான்கும் வந்த பின்னர் திருத்தலும் பிரித்தலும் இரைச்சல் நீக்கமும் வரட்டும். அப்போது அவையும் இன்னும் நன்றாகவே வேலை செய்யும். தானே மெட்டமைக்கும் வசதி கடைசியில் வந்தாலும் நமக்கு நட்டமில்லை.

இதையெல்லாம் எங்கோ ஒரு நிறுவனம் செய்து தரும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999-இல் ஒரு மாணவரும் அவருடைய பேராசிரியரும் தொடங்கிய ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருள் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம். அதில் பதிவின் எந்த இடத்திலும் தமிழில் குறிப்பு எழுதி வைக்கும் வசதி இப்போதே உண்டு. அலையை நகலோடு ஒப்பிட்டு அதிர்வெண் காணும் கணக்கோ, மேல்நிலை வகுப்புக் கணிதம் அறிந்தவர்க்கு எட்டாததன்று.

பொறியியல் பயிலும் மாணவர்களே! இறுதியாண்டில் என்ன ஆய்வுத்திட்டம் செய்வது என்று தேடுகிறீர்கள் அல்லவா? தம்புராவின் பத்து நொடி ஒலியிலிருந்து சட்ஜத்தைக் கண்டு, பதிவின் தலைப்பில் தானே எழுதி வைக்கும் ஒரு சிறு நிரலை எழுதிப் பாருங்கள். இசை பயிலும் நண்பர்களே! அந்த நிரல் வரும் வரை நீங்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. அடுத்த முறை பதிவு செய்யும்போது பாட்டைத் தொடங்குமுன் தம்புராவை மட்டும் பத்து நொடி ஒலிக்க விடுங்கள். பாடகர் யார், ராகம் எது, எத்தனை கட்டை, எந்தத் தேதி என்பதை உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். செலவில்லாத வேலை இது. ஐம்பது ஆண்டுகள் கழித்து அப்பதிவைக் கேட்க உட்காருபவர்க்கு, எதை அடிப்படையாக வைத்து அளப்பது என்பது முதல் பத்து நொடியிலேயே தெரிந்துவிடும்.